மைலுக்கு ஓர் அங்குலம்

தமிழ்நாட்டில் இதுவரை எவரும் எவருக்கும் மனதார நன்றி சொன்னதில்லை. இதை நான் எழுத்துமூலம் நிரூபித்திருக்கிறேன். 1983 பிப்ரவரி 'கொசு' இதழில் இரண்டரைப் பக்கம் இதற்காகவே ஒதுக்கினேன். 'கொசு' எங்கள் கல்லூரியின் கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரு பிரதி. அதாவது ஒரே ஒரு பிரதி. ஆசிரியர், அச்சகம், விநியோகம் எல்லாம் நான்தான்.

ஆதாரங்கள் வலுவானவை. கூட்டம் முடிந்தது, எழுந்து ஓடலாம் என்பதற்குத் தமிழில் உள்ள சொல் 'நன்றியுரை'. ஊர் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று பலகை வைக்கிறார்கள். போகிறவன் முதுகைப் பார்த்து, போய்த் தொலைந்தானே என்ற நிம்மதியில் சொல்வது. மற்றபடி அந்தக் குணத்தை மொத்தமாக நாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். சோறு போட்டவளிடம் 'நன்றி அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

இந்தக் கோட்பாட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. அது எங்கள் கல்லூரி விடுதியில் பதினேழாம் அறையில் தங்கிப் பூகோளம் படித்தது. பெயர் ஜீவரத்தினம்.

இவன் நன்றி சொல்லுவான். அதையும் அஞ்சலட்டையில் சொல்லுவான். குடையை எடுத்து வைத்திருந்து கொடுத்த கண்டக்டருக்கு டிப்போ முகவரிக்கு ஒரு கார்டு. விடுதிச் சமையற்காரருக்கு, குருமாவில் உப்பு சரியாக இருந்த அந்த ஒரு நாளுக்காக ஒரு கார்டு. காய்ச்சலில் கஞ்சி வாங்கித் தந்த அறைத் தோழனுக்கும் கார்டு. பதினேழாம் அறையிலிருந்து பதினேழாம் அறைக்கு. அது தாம்பரம் தபால் நிலையம் போய், முத்திரை குத்திக்கொண்டு, மூன்று நாளில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. 'கொசு'வில் அதை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டேன்.

"வாயால சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னா நீங்கல்லாம் சிரிக்கிறீங்க. கார்டுன்னா ரெண்டு பேரும் மூஞ்சியப் பார்த்துக்க வேணாம், மச்சான்."

இது பைத்தியத்தின் இரண்டாம் கட்டம் என்று முடிவு செய்தேன்.

முதல் கட்டம் அவனுடைய வரைபடம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலுக்கு அடியிலிருந்து பிடித்து வந்தது. 1914-இல் அச்சிட்டது. மைலுக்கு ஓர் அங்குலம் கணக்கு. துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டியிருந்ததால் எத்தனை முறை மடித்தாலும் கிழியாது. பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். கடலோர வரைபடங்களைக் கண்டவனுக்கு விற்கக்கூடாது என்று சர்க்கார் வைத்திருந்ததால், புதியது பூகோளத் துறை பீரோவில் பூட்டிக் கிடந்தது. வங்காள விரிகுடா எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதல்லவா?

ஜீவரத்தினம் கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் அதை விரிப்பான். இடது ஓரம் தாம்பரம், ரயில் பாதையோடு. நடுவில் குன்றுகளும் ஏரிகளும். வலது ஓரத்தில் கடலை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக நாக்கு நீட்டினாற்போல் ஒரு நிலம். மணலுக்குப் புள்ளி, சவுக்குக்குக் குட்டிக் குட்டி மரம், குப்பங்களுக்குக் கடுகளவு சதுரம். கிழக்கே கடல், மேற்கே உப்புக் கால்வாய், தெற்கு நுனியில் முட்டுக்காட்டுக் கழி. அந்த நாக்கின் மேல் விரல் படாமல் விரலை ஓட்டுவான்.

"தீபகற்பம்டா. நம்ம ஊருக்குப் பக்கத்துலயே. மூணு பக்கமும் தண்ணி."

"எங்க வீட்டுல நாலு பக்கமும் தண்ணி இல்ல. அதுக்கு என்ன பேரு?"

அதற்குப் பூகோளத்தில் பெயர் இல்லை.

எங்கள் வீடு என்பது கிழக்குத் தாம்பரத்தில் தோத்தாத்ரி சாருடைய வீட்டின் பின்கட்டு. நானும் மெட்டில்டா அக்காவும் அம்மாவும். அப்பா இறந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். என்னைவிடப் பதினோரு வயது பெரியவள். என் கல்லூரிக் கட்டணம் எப்படிக் கட்டப்படுகிறது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தோத்தாத்ரி சார் நல்லவர், ஆனால் காலை ஆறரைக்குக் கிணற்று மோட்டாரை நிறுத்திவிடுவார். அந்த வருஷம் மெட்ராஸ் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். ஆறு முப்பத்தொன்றுக்கு அக்கா குடத்தோடு நின்றால், ஜன்னலுக்குள்ளிருந்து, "நாளைக்குப் பார்க்கலாம் டீச்சர்" என்று குரல் வரும்.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம்டா சிங்கு" என்பாள். என் முழுப்பெயர் சுந்தர்சிங். தலைப்பாகை கிடையாது; எங்கள் சபையில் இந்தப் பெயர் நாலு பேருக்கு உண்டு. "யாரையும் கேக்காம மொண்டுக்க ஒரு கெணறு. அத ஒட்டி ரெண்டு ரூமு. போதும்."

ஜூன் மாதம் அந்தக் கிணறு ஒரு துண்டுப் பிரசுரமாக வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில் கொடுத்தார்களாம். பெரும்பாக்கத்துக்குத் தெற்கே மனைகள், 'பெனின்சுலா கார்டன்ஸ்'. 'மூன்று பக்கமும் நீர், ஒரு பக்கம் நிம்மதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அக்கா இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டாள். பட்டா நிலம், பேப்பர் எல்லாம் சுத்தம். அவளுடைய வளையல்கள் பாங்கியில் அடகுக்குப் போகக் காகிதத்தில் சுற்றித் தயாராக இருந்தன. அடுத்த புதன்கிழமை ரிஜிஸ்திரேஷன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் அக்கறையால் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அது தவறு. 'பெனின்சுலா கார்டன்ஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஜூலை 'கொசு'வுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. தீபகற்பத்திலிருந்து இது எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று ஆதாரத்தோடு கிண்டல் செய்ய வேண்டும். அதற்காகத்தான் பிரசுரத்தோடு பதினேழாம் அறைக்குப் போனேன்.

பிரசுரத்தின் பின்பக்கம் வழி போட்டிருந்தது: ரோடு வளைகிற இடம், பாறைக்குன்று, அதிலிருந்து தெற்கே அரை மைல். ஜீவரத்தினம் கை கழுவினான். குன்றைக் கண்டுபிடித்தான், உச்சியின் உயரம்கூட அடிக்கணக்கில் எழுதியிருந்தது. ஒரு நூலை அரை அங்குலம் அளந்து தெற்கே வைத்தான். நூலை அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னாடா?"

"நீயே பாரு."

நூலின் முனை நீல நிறத்தில் நின்றது. மாங்காய்க் கீற்றுப்போல ஓர் ஏரி. கிழக்கு விளிம்பில் கறுப்பாகத் தடித்த ஒரு கோடு, அது என்னவென்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. மேற்கே நீலம்.

"நூல் நகர்ந்திருக்கும்" என்றேன்.

மூன்று தடவை வைத்தான். மூன்று தடவையும் என் அக்காவின் கிணறு ஏரிக்குள் விழுந்தது.

அன்று சாயங்காலம் அக்கா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்கிற சிரிப்பு.

"'கொசு'வுக்கா? நல்லாருக்கு. அம்மாகிட்டயும் சொல்லு."

"இல்லக்கா, நெஜமா. சத்தியமா."

"போன மாசம் தோத்தாத்ரி சார்கிட்டயும் சத்தியம்தான் பண்ணினே. கெணத்துக்கு வரி போடப் போறாங்க, முனிசிபாலிட்டியில அளக்க வர்றாங்கன்னு. அவரு பாவம் ரெண்டு நாள் கெணத்த தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தாரு."

அது உண்மை. மூன்று வருஷமாக நான் பேசியதில் ஒரு வாக்கியத்தைக்கூட யாரும் நம்பியதில்லை. அதைப் பெருமையாக வேறு வைத்திருந்தேன். இப்போது முதல்முறையாக நம்ப வேண்டிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாயைத் திறந்தால் அக்கா சிரிக்கிறாள்.

"நீயே சொல்லேன்கா, நான் என்ன செஞ்சா நம்புவே?"

அவள் பேனாவை மூடினாள். "சனிக்கிழம கடைசியா ஒரு தடவ பாக்கப் போறேன். வேணும்னா வா. ஆனா அங்க வந்து ஏஜெண்டு மானத்த வாங்காத."

சனிக்கிழமை மேடவாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில் மூன்று பேர் போனோம். ஜீவரத்தினம் வரைபடத்தைக் குழந்தையைப்போல நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றே வந்தான்.

இரும்பு வளைவு ஒன்றை நட்டு அதன் மேல் பெயரைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். உள்ளே வெள்ளையடித்த கற்கள் கட்டம் கட்டமாக. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் என்பதற்கு அடையாளம் ஏஜெண்டின் கையிலிருந்த சோடாப் பாட்டில் மட்டும்தான். அவர் பெயர் வேதாசலம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கர்சீப்.

"வாங்க மேடம், வாங்க. தம்பிங்களா? இந்தாண்ட நில்லுங்க, காத்து பாருங்க. சமுத்திரக் காத்து."

ஜீவரத்தினம் தரையில் கர்சீப்பை விரித்து அதன் மேல் வரைபடத்தை விரித்தான். குன்றைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். வேதாசலம் குனிந்தார்.

"இது இன்னா தம்பி, வெள்ளக்காரன் காலத்துப் பேப்பரா? அப்பல்லாம் தாம்பரத்துல நரி ஓடிக்கினு இருந்திச்சி. இந்தப் பேப்பர நம்பினா மேடம் மாட்டு வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போவணும்."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கே சிரிப்பு வந்தது, நல்ல அடி. நான் எழுத வேண்டிய வரி அது. வேதாசலம் பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினார். நான்கெல்லை எழுதியிருந்த பகுதியை அக்கா வாய்விட்டுப் படித்தாள். "கிழக்கே ஏரிக்கரை." நிமிர்ந்தாள். "பாருடா, கரைன்னுதான் போட்டிருக்கு. கரை மேல தண்ணி எப்படி வரும்?"

ஏரிக்கரையை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஜீவரத்தினத்துக்கு அணைதான் தெரியும், அவன் ஊர் மேட்டூர்ப் பக்கம். அப்போது அவன் அவனுக்கே உரிய காரியத்தைச் செய்தான். கொஞ்சம் தள்ளிக் காய்ந்த கோரையை அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இந்த எடத்துக்கு என்ன பேரு?"

அந்த அம்மாள் அரிவாளால் தரையைக் காட்டினாள். "இதுவா? உள்வாயி."

"உள்வாயா?"

"ஏரி உள்வாயி, சாமி. அதோ கீது பாரு மோடு, அதான் கரை. கரைக்கு அந்தாண்ட வயலு, இந்தாண்ட தண்ணி. எந்த ஊர்லயாச்சும் ஏரி கரைக்கு ரெண்டு பக்கமும் தண்ணி நிக்குமா?"

அக்கா மெதுவாக நடந்து போனாள். "தண்ணி எங்கம்மா? காஞ்சு கெடக்கே."

"வரும். அது இன்னா பஸ்ஸா, டயத்துக்கு வர? நல்ல மழ பெஞ்சா வரும். இப்ப நீ நிக்கிற எடத்துல நான் இடுப்பு தண்ணில கெண்ட புடிச்சிகீறேன். இன்னாத்துக்குக் கேக்கற? வூடு கட்டப் போறியா?"

அக்கா குனிந்து காலடியில் வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்தாள்.

"கட்டு. கட்டு. மாடியிலேர்ந்து தூண்டி போடலாம்."

எங்கள் பகுதியில் நிலம் கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. இது மாடு மேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். தனக்குக் கிழக்கே கரை என்று எழுதியிருந்தால் தான் ஏரிக்குள் நிற்கிறோம் என்று அர்த்தம். ஆறாம் வகுப்புக்குத் தமிழும் பூகோளமும் நடத்துகிற என் அக்கா கரை என்றதும் கரையேறிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். பட்டா பொய்யில்லை. தண்ணீருக்குத்தான் பட்டா படிக்கத் தெரியாது.

வேதாசலத்தின் முகம் மாறியது. "ஏம்மே கன்னியம்மா, பேஜார் பண்ணாத. நாளைலேர்ந்து இங்க புல்லு அறுக்கணுமா வேணாமா? காம்பவுண்டு போட்டுட்டன்னா ஒரு பய உள்ள வர முடியாது."

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கட்டுப் புல் இருந்தது. ஒரு மாட்டின் இரண்டு நாள் தீனி.

"போட்டுக்க நைனா. புல்லு வேற எடத்துல மொளைக்கும். அந்தப் பொண்ணு மூஞ்சப் பாரு, கஷ்டப்பட்டு சேத்த காசு. நான் எப்படி வாய மூடிகினு இருக்க?" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

அக்கா என்னிடம் வந்தாள். ஜீவரத்தினத்திடம் போகவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை.

"சிங்கு. சிரிக்காம சொல்லு. வேணுமா, வேணாமா?"

அவளுடைய கைப்பை தோளில் இல்லை, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எனக்குத் தெரிந்த எந்த வேடிக்கையும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"வேணாம்கா."

"நீ சொன்னா சரி."

அவ்வளவுதான். வேதாசலத்திடம் ஒரு வணக்கம் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. அதை விட்டால் ஒரு மணி நேரம். நானும் ஓடினேன். ஜீவரத்தினம் மட்டும் கன்னியம்மா எதிரில் நின்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். "வாடா, பஸ் போயிடும்" என்று கத்தினேன். வந்து ஏறியபோது பிரசுரத்தின் ஓரத்தில் அவள் பெயரும் தெருவும் எழுதியிருந்தது.

 அந்த வாரம் அக்கா வளையல்களைத் திரும்பக் கையில் போட்டுக்கொண்டாள். ஆறு முப்பத்தொன்றுக்குக் குடத்தோடு நின்றாள். கல்லூரியில் எல்லோரும் ஜூலை 'கொசு' எங்கே என்று கேட்டார்கள். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றேன். வழக்கம்போல யாரும் நம்பவில்லை.

டிசம்பரில் மழை வந்தது. பஞ்சத்துக்கு வட்டியும் முதலுமாக வந்தது. தாம்பரத்தில் சுரங்கப்பாதை நிரம்பியது, கல்லூரிக்கு லீவு விட்டார்கள். மூன்றாம் நாள் வெளிச்சம் வந்ததும் நான் பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை.

கரை மேல் ஏறி நின்று பார்த்தேன். மேற்கே கண்ணுக்கு எட்டியவரை மாங்காய்க் கீற்று வடிவில் தண்ணீர். எழுபது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் வெயிலில் சங்கிலி இழுத்து அளந்து நீல மை தடவிய அதே வளைவு, ஒரு வரப்புக்கூடப் பிசகவில்லை. இரும்பு வளைவு கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அதன் மேல் ஒரு மீன்கொத்தி. மூன்று பக்கம் நீர் என்று சொல்லிவிட்டு நான்கு பக்கமும் கொடுத்திருந்தார்கள். வியாபாரத்தில் இவ்வளவு தாராளத்தை நான் பார்த்ததில்லை.

அதில் எங்கோ எங்கள் கிணறு இருந்தது. அக்காவின் வளையலும் அம்மாவின் கட்டிலும் என் புத்தகங்களும் இருந்திருக்கும்.  

கரையில் கொஞ்ச தூரத்தில் கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வலையை உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா தம்பி, வூடு பாக்க வந்தியா?"

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"மீனு கெடச்சுதா?" என்று வந்தது.

"கெடச்சுது. அக்கா நல்லாகீதா?"

"நல்லாருக்காங்க."

"அது போதும். நல்ல பொண்ணு. சொன்ன ஒடனே கேட்டுகிச்சி. நான் சொல்லி எவன் கேட்டான்? அந்தாண்ட மூணு பேரு வாங்கிட்டானுங்க." குனிந்து பையிலிருந்து நாலு கெண்டையை எடுத்துத் தாமரை இலையில் சுற்றி நீட்டினாள். "எடுத்துகினு போ. உங்க எடத்துல புடிச்சதுதான்."

சொல்ல வேண்டியது இப்போது இரண்டாகிவிட்டது. மறுபடி வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துவிடுவாளோ, நான்தான் சிரித்துவிடுவேனோ என்று இருந்தது. "வரேங்க" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

தாம்பரத்தில் இறங்கியபோது மணி பதினொன்று. தபால் நிலையத்தில் கூட்டமில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கவுண்டரில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்லாண்டா?"

இன்லாண்டு என்றால் ஒட்டித்தான் போகும், ஒருவர்தான் படிக்க முடியும். கன்னியம்மாவுக்கு எழுத்து தெரியாது என்று ஜீவரத்தினம் சொல்லியிருந்தான். கார்டு என்றால் தபால்காரர் தெருவில் நின்று உரக்கப் படிப்பார், நாலு வீடு கேட்கும்.

"கார்டு" என்றேன். "மூணு."

நூலில் கட்டியிருந்த பேனாவால் முதல் கார்டை எழுதினேன். தெருப் பெயர் ஜீவரத்தினம் எழுதியதைப் பார்த்ததிலிருந்து ஞாபகத்தில் இருந்தது. இரண்டாவது பதினேழாம் அறைக்கு. அதில் ஒரு வரிதான் எழுதினேன். கிண்டல் இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன், இல்லை. மூன்றாவதுக்கு வெகு நேரம் ஆனது. நான் பத்தாவது படித்த வருஷத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்திலும் சுற்றி எழுதினேன். 'நீ சொன்னா சரி' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

பிறகு கார்டைத் திருப்பி, செல்வி மெட்டில்டா, பின்கட்டு, தோத்தாத்ரி அவர்கள் இல்லம், கிழக்குத் தாம்பரம் என்று எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்திலும் அதே முகவரியைத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.